பன்னிரண்டாவது பிள்ளை

பிளாஸ்டிசின் களிமண் டப்பாவைத் திறந்ததும் அந்த வாசனை வந்துவிட்டது. மெழுகும் பழைய எண்ணெயும் கலந்தது போல, பாலர் பள்ளியின் மத்தியான நேரம் போல. ஒவ்வொரு வருடமும் மூடியைத் திறந்தவுடன் நீ முகத்தைச் சுளித்து, "இதச் சாப்பிட்டுருக்கேன்டி, சின்ன வயசுல," என்பாய். இந்த முறை திறந்தவள் நான். பச்சைக் கட்டியில் உன் கட்டைவிரல் தடம் எங்காவது இருக்குமோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை. போன வருடத்துப் பிள்ளைகளின் கைகளில் எல்லாம் ஒன்றாகிப் போயிருந்தது.

சனிக்கிழமை, முகாமுக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் நாள். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் நாம் வழக்கமாக வாடகைக்கு எடுக்கும் அதே டியூஷன் நிலையம், மாடியில் அதே அறை. சன்னலைத் திறந்தால் கீழே கடையில் வறுபடும் மிளகாயின் நெடி, மூடினால் பிள்ளைகளின் சத்தம். ஜூன் விடுமுறையில் நடக்கும் நம் அறிவியல், கணித முகாமில் பன்னிரண்டு பெண்பிள்ளைகளுக்குத்தான் இடம். எல்லாரும் உயர்நிலை ஒன்று, இரண்டு படிக்கிற பதின்மூன்று, பதினான்கு வயதுக்காரிகள். வீட்டை விட்டு மூன்று இரவு தங்குவது பலருக்கும் முதல் தடவை. எப்போதும் போல இடங்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் பிள்ளைகள் வந்திருந்தார்கள்.

சிவப்புப் பேசின்களில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். ஆளுக்கு ஒரு கைப்பிடி பிளாஸ்டிசின். அதில் படகு செய்து, மூழ்காமல் எத்தனை கோலிக்குண்டுகளை ஏற்ற முடியும் என்று பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொருத்தியோடும் தனியாகக் கொஞ்சம் பேச்சு. பள்ளி மதிப்பெண்ணை நாம் கேட்பதே இல்லை. "மார்க் அவங்க ஸ்கூலுக்கு. நமக்கு எதுக்குலா?" என்று நீ முதல் வருடமே முடித்துவிட்டாய்.

அந்த முதல் வருடத்தில் நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா என்று கேட்க வருகிறது. யாரைக் கேட்பது? தண்ணீர்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை முடித்து, செம்பவாங்கிலிருந்து ரயில் பிடித்து நீ வருவாய். நான் காப்புறுதி அலுவலகத்தில் நாள் முழுக்க எண்களைப் பார்த்துவிட்டு, மனிதர்களைப் பார்க்கத் தெம்பில்லாமல் வருவேன். பல்கலைக்கழகத்தில் ஒரே மேசையில் படித்த காலத்திலிருந்தே நீ அதிகம் பேசுகிறவள், நான் கேட்கிறவள். தேர்விலும் அதுதான் நடந்தது. வாயாடிப் பிள்ளைகளை எல்லாம் நீ எடுத்தாய். அமைதியாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்களை நான் எடுத்தேன். கீழே கோப்பிக்கடையில் உட்கார்ந்து விடாமல் வாதாடினோம். திடீரென்று நீ நிறுத்தி, என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

"என்னடி பண்றோம் ரெண்டு பேரும்? நான் என்னையே எடுத்துட்டு இருக்கேன். நீ உன்னையே எடுத்துட்டு இருக்க."

அங்கேயே அந்த விதியைப் போட்டாய். ஒரு பிள்ளையை யாருக்குப் பிடித்திருக்கிறதோ, அவள்தான் அந்தப் பிள்ளைக்கு எதிராகப் பேச வேண்டும். பிடிக்காதவள் ஆதரித்துப் பேச வேண்டும். ஏனோதானோவென்று பேசக் கூடாது, ஜெயிக்கப் பேச வேண்டும். இரண்டாவது விதியும் உன்னுடையதுதான்: வாதத்தில் ஜெயித்தவள், இடம் கிடைக்காத பிள்ளையின் வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும். தோற்றவளுக்குத்தான் நல்ல செய்தி சொல்லும் வேலை. "ஜெயிச்சவ அந்தப் பக்கத்து அழுகையையும் கேக்கட்டும்," என்றாய்.

மூன்றாம் வருடம் ஒரு பெண் சுருள்வில் தராசைத் தூக்கிப் பிடித்து, "இந்தத் தராசு பொய் சொல்லுது, வேற குடுங்க," என்று நம்மிடமே சண்டைக்கு வந்தாள். அவளைப் பார்த்த மாத்திரத்தில் உனக்குப் பிடித்துவிட்டது. அதனால் கோப்பிக்கடையில் அவளைப் பிய்த்து எறிந்தாய். அடங்காதவள், யாரையும் பேச விடமாட்டாள், மற்றப் பிள்ளைகளை மிரட்டுவாள் என்றாய். எனக்கு அவளைக் கண்டாலே பயமாக இருந்தது. ஆனாலும் அவளுக்காக நான் பேசப் பேச, எனக்கே அவள் மேல் பாசம் வந்துவிட்டது. தராசு உண்மையிலேயே பழுது என்பதை அவளைத் தவிர யாரும் கவனிக்கவில்லை என்று மேசையைத் தட்டினேன். நான், மேசையைத் தட்டினேன்! நீ தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "அப்பாடா, தோத்துட்டேன்," என்றாய்.

போன வருடம் தலைமுடி இல்லாமல் தலையில் துணி கட்டிக்கொண்டு வந்தாய். ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி ஏன் என்று கேட்டதற்கு, "ஃபேஷன்மா. அடுத்த வருஷம் எல்லாரும் இப்படித்தான் கட்டுவாங்க, பாரு," என்றாய். மழைக்காலத்தில் உன்னை மண்டாய் தகனச்சாலையில் விட்டுவிட்டு வந்தோம். பஸ்ஸில் ஏறி, தொலைபேசியை எடுத்து, வழியெல்லாம் என்ன மழை என்று உனக்கே தட்டச்சு செய்யத் தொடங்கியிருந்தேன்.

இந்த வருடம் பேசின்களைப் பார்த்துக்கொள்ள ஜுபைதா அக்கா வந்திருந்தார். மருந்தகத்தில் வேலை பார்க்கிறவர். அவர் மகள் போன வருட முகாமுக்கு வந்தவள். எல்லாம் முடிந்ததும், "உக்காந்து பேசலாமா? யார எடுக்குறதுன்னு?" என்று கேட்டார். "இல்லக்கா, நானே பாத்துக்குறேன்," என்று அனுப்பிவிட்டேன். உன் நாற்காலியில் இன்னொருவர் உட்காருவதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம்.

பதினொரு பேர் எளிதாக அமைந்துவிட்டார்கள். பன்னிரண்டாவது இடத்துக்கு இரண்டு பேர் மிஞ்சினார்கள்.

செங்காங்கிலிருந்து வந்த ஷர்மிளா உயர்நிலை ஒன்று படிக்கிறாள். அவள் படகுதான் அதிகக் குண்டுகளைத் தாங்கியது. "மொதல்ல சுவர ஒயரமா வெச்சேன்க்கா, வெயிட் எல்லாம் ஒரு பக்கமா சாஞ்சிருச்சு. அதான் அடிய அகலமாக்கிட்டேன். இன்னொரு சான்ஸ் குடுங்க, இன்னும் ஏத்திக் காட்டுறேன்!" மூச்சு விடாமல் பேசினாள். உன் பிள்ளை.

பொங்கோலிலிருந்து வந்த நிவேதா உயர்நிலை இரண்டு. அடுத்த வருடம் முகாமுக்கு வரும் வயதைத் தாண்டிவிடுவாள். அவள் படகு நாலைந்து குண்டிலேயே மூழ்கிவிட்டது.

"ஏம்மா மூழ்கிடுச்சு?" என்று கேட்டேன்.

"தெரியல."

"யோசிச்சுப் பாத்தியா?"

"பாத்தேன். இன்னும் தெரியல."

"சரி, கேம்ப்புக்கு ஏன் வரணும்னு ஆசப்படுற?"

விரலில் ஒட்டிய பிளாஸ்டிசினைச் சுரண்டி எடுத்தாள். "அதுவும் சரியா தெரியலக்கா."

வெட்கப்படாமல், என்னைச் சமாதானப்படுத்தவும் முயலாமல் சொன்னாள். எனக்கு அவளை அவ்வளவு பிடித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை அதே கோப்பிக்கடையில் தனியாக உட்கார்ந்தேன். விதிப்படி நிவேதாவுக்கு எதிராகப் பேச ஆரம்பித்தேன். வாய்விட்டு இல்லை, மனதுக்குள். முகாம் முழுக்க ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பாள். குழுவாகச் செய்யும் வேலையில் மற்றவர்களுக்குப் பாரமாவாள். ஏன் வருகிறோம் என்று தெரியாதவளுக்காக, தெரிந்தவளை எப்படி அனுப்புவது? நன்றாகவே பேசினேன். பேசி முடித்து, நீ அவளுக்காகப் பேசுவதற்காகக் காத்திருந்தேன்.

உன் குரலை வரவழைக்க முடிந்தது. முடியாமல் இல்லை. ஆனால் நீ பேசியதெல்லாம் வேறு பிள்ளைகளைப் பற்றி. போன வருடத்துப் பெண், தராசுப் பெண், அதற்கு முன்னால் வந்த இரட்டையர். எல்லாம் நீ ஏற்கெனவே சொன்னவை. நிவேதாவை நீ பார்த்ததே இல்லை. அவளைப் பற்றி நீ புதிதாக ஒரு சொல்கூடச் சொல்லப் போவதில்லை.

அப்போதுதான் புரிந்தது. ஒருத்தியே உட்கார்ந்து நடத்தினால் நம் விதியில் முடிவு ஒன்றுதான். எனக்குப் பிடித்த பிள்ளை தோற்றே தீருவாள். எனக்குப் பிடித்த அந்த நிமிடமே நிவேதாவுக்கு இடம் போய்விட்டது. விதியைத் தூக்கிப் போட்டுவிட்டு அவளை எடுத்தாலோ, நான் என்னையே எடுத்தவளாகிறேன். தே ஆறிப்போயிற்று. ஜுபைதா அக்காவுக்குப் போன் செய்தேன்.

மகளை வகுப்பில் விட்டுவிட்டு அரக்கப்பரக்க வந்தார். உன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எனக்கும் சேர்த்து இன்னொரு தே சொன்னார். விஷயத்தைச் சொன்னதும், "இதுல என்ன இருக்கு? ஷர்மிளாதான். எனக்கு அந்தப் பிள்ளைய ரொம்பப் புடிச்சிருக்கு," என்றார்.

"அப்ப நீங்க நிவேதாவுக்காகப் பேசணும்க்கா."

"என்ன?"

விளக்கினேன். "ஐயோ, இது என்ன வெளாட்டு? புடிச்ச பிள்ளைய நானே வேணாம்னு சொல்லணுமா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் எழுந்து போகவில்லை. நான் ஷர்மிளாவுக்காக, ஜெயிக்கத்தான் பேசினேன். அவள் வேகம், அவள் தவறைத் தானே கண்டுபிடித்துத் திருத்தியது, எல்லாவற்றையும் சொன்னேன். ஜுபைதா அக்கா முதலில் தடுமாறினார். "நிவேதா நல்ல பிள்ளை... அமைதியான பிள்ளை..." என்று இழுத்தார். பிறகு கண்ணாடிக் குவளையைத் தள்ளி வைத்தார்.

"இருங்க. அந்தப் பதினொரு பிள்ளைங்களும் எப்படி? கேட்ட கேள்விக்கெல்லாம் டக்கு டக்குன்னு பதில் சொன்னவங்கதானே?"

"ஆமா."

"ஷர்மிளாவும் அப்படித்தான். அப்ப எல்லாரும் 'தெரியும் தெரியும்'னு சொல்ற பிள்ளைங்க. ஒருத்தியாவது 'தெரியல'ன்னு சொல்ல வேணாமாம்மா? அங்க யாரு கேள்வி கேப்பா? தெரியாத பிள்ளையே இல்லாம கேம்ப் எதுக்குலா நடத்துறீங்க?"

தோற்றுவிட்டேன். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும், இருந்தது. காலையெல்லாம் உன் பேச்சுகளைப் புரட்டிப் புரட்டித் தேடினேன். அவற்றில் இது இல்லை. இது உனக்குத் தோன்றியிருக்காது. கேட்டிருந்தால் மேசையில் அடித்துச் சிரித்திருப்பாய். இவ்வளவு நல்ல ஒரு வாதம் நம் மேசையில் விழுந்திருக்கிறது, அதை நீ கேட்கவே போவதில்லை.

ஜெயித்தவர் ஜுபைதா அக்கா. ஷர்மிளா வீட்டுக்குப் போன் செய்யக் கடைக்கு வெளியே போனார். திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது. "அழுதுட்டாம்மா. அடுத்த வருஷமும் ட்ரை பண்ணலாமான்னு கேட்டா. கண்டிப்பா வான்னு சொன்னேன். நல்ல ரூல் போட்டிருக்கீங்க, போங்க," என்று என்னைத் திட்டினார். யார் போட்ட விதி என்று நான் சொல்லவில்லை.

நிவேதாவின் அம்மாவுக்கு நான் போன் செய்தேன். "அவளா? நெசமாவா? வீட்டுக்கு வந்து ஒண்ணுமே சொல்லலையே. படகு மூழ்கிருச்சு, அவ்ளோதான்னா," என்றவர், மகளைக் கூப்பிட்டுப் போனைக் கொடுத்தார்.

"அக்கா, அங்க எனக்கு யாரையும் தெரியாதே."

தைரியம் சொல்ல வேண்டிய இடம். நீயாக இருந்தால் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லியிருப்பாய். எனக்கு உண்மைதான் வந்தது.

"இந்த வருஷம் எனக்கும் அங்க யாரையும் தெரியாதும்மா."

"அப்ப சரி. வரேன்," என்றாள்.

எதையாவது எனக்குப் பிடித்துப்போனால் இன்றும் என் வாய் முதலில் அதற்கு எதிராகத்தான் பேசுகிறது. ஒரு புத்தகமோ, வாடகைக்குப் பார்த்த அறையோ, அண்மையில் பழகிய ஒருவரோ, எதுவானாலும். பேசி முடித்ததும் நிமிர்ந்து, மறுபக்கம் பேச யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கிறேன். பெரும்பாலும் யாரும் இருப்பதில்லை. சில நாள் இருக்கிறார்கள், அவர்கள் நீ இல்லை. ஆனாலும் அவர்கள் சொல்வதைக் கடைசி வரை கேட்கிறேன்.