கார் லூஸா இருக்கு

ஜனவரி 12, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று, மணல். நாங்கள் தங்கியிருக்கும் குதைபியா ரூமில் வெந்நீர் இல்லை. குளிக்காமலே ரேஸ் கார் ஷெட்டில் மெக்கானிக் டியூட்டி.

புது டிரைவர் வந்துவிட்டார். அமெரிக்கர். வெர்னன். இனி இங்கே வெ. சார். அவர் ஊரில் ஸ்டாக் கார் பந்தயம்: வெளியே சாதாரணக் கார், உள்ளே முழுக்க வேறு, உரசிக்கொண்டே வட்டமடிப்பார்களாம். பாதி ஆயுசு அதில். பெரிய பந்தயம் ஒன்றுகூட ஜெயித்ததில்லை. எந்த டீமிலாவது டிரைவருக்குக் கை உடைந்தால் இவருக்குப் போன் போகும். ஹெல்மெட்டோடு போய் ஓட்டி, காரை முழுசாகத் திருப்பிக் கொடுப்பார். இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார், கூச்சமே இல்லாமல். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

எங்கள் முதலாளி அர்பாப் கறாராகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைப் பந்தயத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் சீசன் முழுக்க இவர். இல்லையென்றால் வேறு ஆள் ரெடி, இளவட்டம்.

வாங்க: சோப்பு, பிளேடு, தைலம்.

ஜனவரி 14, புதன்

மானம் போன நாள். பயிற்சி ஓட்டம். ரேடியோவில் வெ. சார், கார் லூஸ் என்றார். ஏதோ நட்டு கழன்றுவிட்டது என்று நினைத்தேன். உள்ளே வந்ததும் சக்கர நட்டு எல்லாம் இறுக்கினேன். போனார். மறுபடியும் லூஸ். அடியில் படுத்து, கைக்கு எட்டிய போல்ட் அத்தனையும் இறுக்கினேன். மறுபடியும் அதே.

சலீம் பாய் (என்னோடு வேலை, அதிராம்பட்டினம்) காதோரம், "காரு லூஸா, ஆளு லூசா?"

கடைசியில் ஸ்பேனரைக் காட்டி, எல்லாம் டைட் சார் என்றேன். புரிந்துகொண்டார். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையைக் காராக்கிக் காட்டினார். வளைவில் பின்பக்கம் வழுக்கினால் அவர்கள் பாஷையில் லூஸ். முன்பக்கம் திரும்ப மறுத்தால் டைட். லூஸுக்கு மருந்து பின் டயரில் கொஞ்சம் காற்றை இறக்குவது. நட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பயிற்சி வீணானது யாரால் என்று அர்பாப் வந்து கத்தினார். வெ. சார் எழுந்து, தான் சரியாகச் சொல்லவில்லை, தப்பு தன்னுடையது என்றார். அவர் வேலையே தொங்கலில் இருக்கும்போது.

ஜனவரி 16, வெள்ளி

காற்று இல்லை. நல்ல கூட்டம்.

பாதியில் ரேடியோ: லூஸ். டயர் மாற்ற வந்தபோது பின்பக்கம் காற்றை இறக்கினேன். அப்புறம் பார்க்கணுமே! ஒவ்வொருவராகத் தாண்டி மூன்றாவது. நானும் பாயும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

கடைசி வளைவு. இரண்டாவதாகப் போன கார் சுழன்று குறுக்கே நின்றது. இடுக்கில் உரசிப் போயிருந்தால் இரண்டாவது இடம். வெ. சார் பிரேக் அடித்தார். பின்னால் வந்த இரண்டு பேர் வெளிப்பக்கமாகப் போய்விட்டார்கள். நாலாவது.

ஏன் சார் என்று கேட்டேன். சுழன்ற காரின் டிரைவர் கதவு தன் பக்கம் இருந்தது, இடித்தால் அடி அந்த ஆளுக்குத்தான் என்றார். அவ்வளவுதான்.

காரில் ஒரு கீறல் இல்லை.

ஜனவரி 17, சனி

அர்பாப், "கலாஸ்." வேலை முடிந்தது என்று அர்த்தம். வெ. சார் தலையாட்டினார். பழகிய தலை. போன் வரும் என்றார். ஹெல்மெட்டைப் பையில் போட்டு, தான் உட்கார்ந்த இடத்தைத் தானே பெருக்கி, எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டுப் போனார்.

ஜனவரி 18, ஞாயிறு

புது டிரைவர். கெட்டிக்காரன்தான், இல்லையென்று சொல்லவில்லை. மூன்றாவது சுற்றிலேயே ரேடியோவில் கத்தல்: லூஸ், லூஸ். சலீம் பாய் ஸ்பேனரை எடுத்தார்.

"அத வைங்க பாய்."

பின் டயரில் காற்றை இறக்கி அனுப்பினேன். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். பிறகு, அருமை, யார் செய்தது என்று கேட்டான்.

ரேடியோ பட்டனை அழுத்தினேன். "வெர்னன் சார்."