மேற்குப் பார்த்த கக்கூசு

என் பாசமுள்ள சூசை அண்ணன்,

கரைத்தீவில் என் கூடப் பிறந்த மூத்தவ, ராத்தாவின் வீடு புயலில் விழுந்தது. உங்கட கோயில் ஆட்கள் வந்து அதைத் திரும்பக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். உங்களுக்குச் சுற்றி வளைத்த கதை பிடிக்காது என்பதால் முதலில் இதைச் சொல்லிவிட்டேன்.

ஆட்களைக் கூட்டி வந்தது உங்கட மகள் மேரிதான். சிலாபம் பக்கத்திலிருந்து ஒரு பஸ் நிறையக் கடலுக்குப் போகிற பொடியன்கள், இரண்டு ரீச்சர்மார், ஒரு மேசன். ஏறி நின்று சுவர் பூசக் கம்பு கட்டச் சொன்னால், பொடியன்கள் வள்ளத்துக்குப் போடுகிற முடிச்சைப் போட்டுவிட்டார்கள். பிறகு அதை அவிழ்க்க முடியாமல் மேசன் கத்தியைத் தேடிக்கொண்டு திரிந்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்காக எங்களைக் கேளாமலே வேலையை நிறுத்தினார்கள். ஞாயிறு பூசைக்கு நிறுத்தினார்கள். ஹாட்வெயார் கடைக்காரனான எனக்கு, வாரத்தில் இரண்டு நாள் வேலை வீணாகிறதே என்றிருந்தது. என் கடைக்குப் பக்கத்து மரக்காலையில் பலகை விற்றுக்கொண்டு நீங்கள் இருந்திருந்தால் உங்களிடம் சொல்லியாவது ஆறியிருப்பேன். நீங்கள் கண்ணை மூடிய பிறகு அங்கே யாரோ போன் விற்கிறான். அவனோடு என்னத்தைப் பேசுவது?

புறப்படுகிற அன்று காலை மேரி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, புதுக் கக்கூசுக்குள்ள ஏன் தேங்காய் மட்டை அடுக்கியிருக்கு?"

எட்டிப் பார்த்தேன். உண்மைதான். கூரை வரைக்கும் மட்டை. ராத்தா வாளியோடு பக்கத்து வீட்டிலிருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தா. அந்த முழங்காலுக்காகத்தான் கக்கூசை வீட்டோடு சேர்த்துக் கட்டச் சொல்லியிருந்தேன்.

"வெறகு நனையாம இருக்கட்டுமேண்டு வச்சன்" என்றா. பிறகு என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னா: "தம்பி, அது கிப்லாவப் பாத்திருக்கு. குந்த ஏலுமா? சும்மா வந்து ஒழைச்ச புள்ளைகள். அதுகள்ட மொகத்துல கொறை சொல்லச் சொல்றியா? நான் பக்கத்து வீட்டுக்கே போய்க்கிறன். மௌத்தாகும் மட்டும் போவன்."

தெருவில் போகிறவர்கள் பார்க்கக் கூடாதென்று பொடியன்கள் கதவைக் களப்புத் தண்ணீர்ப் பக்கம், மேற்கே வைத்திருக்கிறார்கள். குந்துகிற கோப்பையும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. நாங்கள் தொழுவதும் அந்தத் திசைதான். மரியாதை பார்த்தே இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டது, அண்ணன்.

நான் மேரியிடம் சொல்லிவிட்டேன். ராத்தா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டா. மேரி கக்கூசையும் ராத்தாவையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்குப் பயமாகிவிட்டது. வெளியில் பஸ் ஹோன் அடித்தது.

"மாமி, எங்கட கோயில் பீடத்துக்கு நேரே ஒருத்தன் கக்கூசு கட்டினா நாங்க தேங்காய் மட்டை அடுக்கமாட்டம்" என்றாள். "கட்டினவனை அடுக்குவம்."

ராத்தா சிரித்ததில் முந்தானை விழுந்தது. மேரியும் சேர்ந்து சிரித்தாள்; அப்படியே உங்கட சிரிப்பு, பொட்டைக்கு. நீங்கள் அவளுக்கு வேறு என்னவெல்லாம் கொடுத்துவிட்டுப் போனீர்கள்?

பஸ்ஸில் ஏறியிருந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு இறங்கினார்கள். மேசன் கோப்பையைத் தட்டிப் பார்த்தார். "சீமெந்து இறுகிட்டுது. கழட்டினா உடையும்." உடைத்தார்கள். புதுக் கோப்பைக்கு நான் கடைக்கு ஆள் அனுப்பினேன்.

அப்போதுதான் ராத்தா பிடிவாதம் பிடித்தா. இரண்டாம் தடவையும் சும்மா வேலை வாங்கினால் அந்தக் கக்கூசுக்குள் கால் வைக்கமாட்டாவாம். மேரி காசு வாங்கமாட்டேன் என்றாள். நல்லவர்கள் இரண்டு பேருக்கு நடுவில் விலை பேசுவதைப்போல் கஷ்டம் வேறெதுவும் இல்லை. கள்ளனோடு பேசினாலும் ஒரு தொகையில் வந்து நிற்பான்.

"அடுத்த வீடு எங்க?" என்று கேட்டேன்.

"உடப்புல. ஒரு மீன்காரக் குடும்பம்."

"சமைக்க ஆள் இருக்கா?"

"ரீச்சர்தான் சமைக்கிறா." மேரி சொன்ன விதத்திலேயே, அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்ட பொடியன்கள் தலையைக் குனிந்தார்கள். எனக்கு வழி தெரிந்துவிட்டது.

பின்னேரம் கோப்பை வடக்குப் பார்த்தது. ராத்தா மட்டையை எல்லாம் தன் கையாலேயே வெளியே எறிந்தா.

முடிவான பேச்சு இதுதான், நீங்களும் கேட்டு வையுங்கள்: கோப்பை என் கடையிலிருந்து, சும்மா. உடப்பு வீட்டுக்குக் கூரை ஏறும்வரை ராத்தா மேரியின் வீட்டில் தங்கி எல்லாருக்கும் மத்தியானச் சாப்பாடு சமைப்பா. சட்டி பானை ராத்தாவுடையது, கொண்டுபோவது என் லொறி. உடப்பு வீட்டுக்காரர் இந்துக்கள் என்பதால் மாட்டிறைச்சி இல்லை; உங்கட ஆட்களுக்கு வெள்ளிக்கிழமை இறைச்சி ஆகாது என்பதால் அன்று மீன். உட்கார்ந்து சமைக்க உயரமான கதிரை ஒன்று மேரி கொடுக்க வேண்டும். இனி எந்த வீட்டிலும் வீட்டுக்காரியைக் கேளாமல் கோப்பை வைப்பதில்லை. இதில் ஒன்றும் பிசகாமல் பார்த்துக்கொள்கிறேன், அண்ணன்.

உங்களோடு சண்டை பிடித்தே சொந்தமாகிவிட்ட தம்பி,
றபீக்