இனி இடமில்லை என்று எழுதியவள்

அலுவலகத்தைக் காலி செய்கிறோம். மாகாணத் தேர்தலில் எங்கள் தொகுதி உறுப்பினர் தோற்று மூன்று வாரமாகிறது. மாத முடிவுக்குள் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் மேசையின் கீழ் லாச்சியை இழுத்தபோது, பழைய கடித உறைகளுக்கு அடியில் அந்தத் துண்டுப்பிரசுரம் கிடந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் நீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்த அதே பிரதி. இரண்டு சொற்களைச் சுற்றி நீர் சிவப்புப் பேனாவால் போட்ட வட்டம் இன்னும் மங்கவில்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நிலத்திலேயே இருந்துவிட்டேன்.

நீர் கண்ணை மூடிப் பதினொரு மாதமாகிறது. உம்மிடம் சொல்லாமல் விட்ட ஒன்றை இப்போது எழுதுகிறேன். எழுதுவதுதான் என் தொழில் என்று நீர் கேலி செய்வீர். இதை மட்டும் எழுத இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் நாங்கள் ஒரே மாடியில் இருந்தோம். நீர் மன்னார், நான் கொக்குவில். ஊரில் இருந்திருந்தால் சந்தித்திருக்கவே மாட்டோம். கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் உடுப்புக் காயவைக்கும் இயந்திரத்துக்குள் என் சேலை சிக்கிக்கொண்டபோது, கதவில் ஒரு காலை ஊன்றி அதை இழுத்து எடுத்துத் தந்தவர் நீர். சேலை கிழிந்துவிட்டது. அதற்காக இருவரும் சிரித்த சிரிப்பில் தொடங்கியது எங்கள் சிநேகிதம்.

உம்முடைய கணவர் ஞானத்துக்கு அப்போது இருபத்தெட்டு வயது. உணவகம் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், நல்ல வெயிலில், தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீற்காருக்காகத் தரிப்பில் நின்றவரை நான்கு இளைஞர்கள் சுற்றிக்கொண்டார்கள். மழித்த தலைகள், உயரமாகக் கயிறு கட்டிய சப்பாத்துகள். எந்த நாட்டவன் என்று கேட்கவில்லை. இது வெள்ளையரின் நாடு என்று மட்டும் சொல்லிக்கொண்டு உதைத்தார்கள். தரிப்பில் இன்னும் ஆறேழு பேர் நின்றார்களாம். அவருடைய இடது காது அன்றோடு கேட்காமல் போயிற்று. வேலைக்குத் திரும்பினார், பிள்ளைகளை வளர்த்தார். ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கடையிலும், எந்தக் கலியாண மண்டபத்திலும், முதுகு சுவரோடு படும்படிதான் இருப்பார்.

மூன்றாம் நாள் ஒரு அரசியல்வாதி உங்கள் வீட்டுக்கு வந்தார். நான் தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றேன். இது எங்கோ தப்பித் தவறி நடந்த ஒரு சம்பவம், இந்த நகரம் அப்படிப்பட்டதல்ல என்றார். ஞானத்தின் கையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். கால் மணித்தியாலம் இருந்திருப்பார். அவர் போன பிறகு நீர் கோப்பைகளைக் கழுவியபடி சொன்னது எனக்கு மறக்கவில்லை.

"போகேக்கை நான்தான் அவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினன், கண்டீரோ? இது நல்ல நகரம், எங்களுக்கு விளங்குது எண்டு. அடி வாங்கினது இவர். ஆறுதல் அந்தாளுக்கு."

பிறகு நாங்கள் ஸ்காபரோவுக்கு மாறினோம். நீர் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலைக்குப் போனீர். நான் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் இருந்து, அங்கிருந்து மாகாண உறுப்பினரின் தொகுதி அலுவலகத்துக்குப் போனேன். அவர் கெட்ட மனிதர் அல்ல. தகப்பன் இத்தாலியிலிருந்து வந்து கல் அடுக்கியவர். நான் எழுதிக் கொடுப்பதை அவர் வாசிப்பார். பன்னிரண்டு வருடம் அப்படியே போனது. ஒரு சொல்லைக்கூட அவர் மாற்றுவதில்லை என்று உம்மிடம் பெருமையடித்திருக்கிறேன்.

அந்தத் துண்டுப்பிரசுரமும் நான் எழுதியதுதான். அந்த வருடம் அகதிக் கோரிக்கையாளர்கள் நிறையப் பேர் வந்து, தங்குமிடங்கள் போதாமல் மோட்டல்களில் வைத்திருந்தார்கள். தொகுதி மக்களைப் பார்க்க வீடு வீடாகப் போனபோது எல்லாரும் அதைப் பற்றித்தான் குறை சொன்னார்கள். எங்கள் ஆட்களும் சொன்னார்கள். கதவைத் திறந்த ஒரு தமிழ் அங்கிள், "நாங்கள் வந்த காலம் வேறை, பிள்ளை. உவையள் சும்மா வந்து குந்தியிருக்கினம்" என்றார். நான் தலையாட்டிக் குறித்துக்கொண்டேன். அதைத்தான் நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். பெரிய எழுத்தில் தலைப்பு: 'இனி இடமில்லை.' கீழே எங்கள் தொகுதி மோட்டல் ஒன்றின் படம். அந்தப் படத்தைத் தெரிவு செய்ததும் நானே. பெயர்ப்பலகை தெளிவாகத் தெரிந்தது.

எட்டு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு, ஒருவன் அந்த மோட்டலின் முன்கூடத்துக்குள் பெற்றோல் போத்தல்களைக் கொளுத்தி எறிந்தான். கொங்கோவிலிருந்து வந்து அங்கே தங்கியிருந்த இம்மானுவேல் இரண்டு பிள்ளைகளை வெளியே தூக்கிவந்து விட்டு, மூன்றாவது ஆளுக்காகத் திரும்பிப் போனார். பிறகு வரவில்லை. அவரைத் தேடி உள்ளே போன மனைவி கிரேஸுக்கு இரண்டு கையும் எரிந்தன. தீ வைத்தவன் இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தான்: வெள்ளையரின் மண் பறிபோகிறது, யாராவது தொடங்க வேண்டும் என்று. மோட்டலின் வெளிச்சுவரில் பெயின்ற்றால் இரண்டு சொற்கள் எழுதியிருந்தான்.

அன்று பின்னேரமே நீர் அலுவலகத்துக்கு வந்தீர். வேலைச் சீருடை மாற்றாமல் வந்திருந்தீர். துண்டுப்பிரசுரத்தை என் விசைப்பலகைக்கு மேல் வைத்தீர்.

"உதை ஆர் எழுதினது?"

"உமக்குத் தெரியும்தானே."

"நீர் சொல்லும்."

"நான்தான்."

"அவன் சுவரிலை எழுதினதையும் நீர் உதிலை எழுதினதையும் பக்கத்திலை வைச்சுப் பாரும்."

"நாங்கள் இடவசதியைப் பற்றித்தானே எழுதினனாங்கள். அவன்ரை மனசிலை இருந்தது வேறை" என்றேன்.

"ஓம், வேறைதான். ஆனா சொல்லை அவன் எங்கையும் போய்த் தேட வேண்டியிருக்கேல்லை. வாசலுக்குக் கொண்டுபோய்க் குடுத்திருக்கிறியள்."

நீர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, மெதுவாகச் சொன்னீர்.

"உம்மடை ஆள் நாளைக்குக் கதைப்பார்தானே. விசரன் ஒருத்தன் செய்த வேலை எண்டு சொல்ல விடாதையும். வெள்ளையன்தான் மேல் எண்ட நினைப்பிலை செய்த கொலை எண்டு பேரைச் சொல்லட்டும். பேர் சொல்லாட்டி அடுத்தவனும் தனி ஒருத்தன், அதுக்கடுத்தவனும் தனி ஒருத்தன். அந்தக் கடுதாசி பிழை எண்டும் அவர் தன்ரை வாயாலை சொல்ல வேணும். பிறகு கை எரிஞ்ச அந்தப் பெட்டையைப் போய்ப் பார்க்கட்டும். கமரா வேண்டாம். ஒருக்காப் போய்ப் போட்டு விடாமல், ஆறு மாசம் கழிச்சும் போகட்டும்."

"அப்பிடிச் சொன்னா அவற்றை அரசியல் முடிஞ்சுது."

"முடியட்டுமே. என்ரை மனுசனைப் பார்க்க வந்த அந்தாள் அண்டைக்கு இதைச் சொல்லியிருந்தா, இவர் சாகும் வரைக்கும் சுவரோடை இருந்திருக்க மாட்டார் எண்டு நான் சில நேரம் நினைக்கிறனான். அடியாலை இல்லை, பார்த்துக்கொண்டு நிண்டவையாலைதான் இவர் பயந்தவர்."

எழுதிப் பார்க்கிறேன் என்றேன். எழுதினேன். நீர் சொன்னது எல்லாவற்றையும் எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய நல்ல உரை அதுதான். ஒரு பக்கமும் கொஞ்சமும். வாசித்துப் பார்த்தேன். இதை வாசித்தால் நாளைக்கு எந்தத் தொலைக்காட்சி கூப்பிடும், கட்சித் தலைமையில் யார் கோபிப்பார்கள், அந்தத் துண்டுப்பிரசுரத்தை எழுதியது யார் என்று எவர் கேட்பார்கள் என்று நினைத்தேன். கடைசிக் கேள்விதான் என்னை நிறுத்தியது. ஒவ்வொரு வரியாக அழித்தேன். 'இந்தத் துயரமான சம்பவம்' என்று தொடங்கி வேறொன்று எழுதினேன். உறுப்பினருக்கு அதைத்தான் அனுப்பினேன்.

அடுத்த நாள் பின்னேரம் மோட்டலின் கார்த் தரிப்பிடத்தில் அஞ்சலிக் கூட்டம். நாங்கள் இப்படிப்பட்டவர்கள் அல்ல என்று அவர் வாசித்தார். மெழுகுதிரியோடு கூட்டத்தில் நின்ற நீர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றீர். முடிந்ததும் பக்கத்தில் வந்தீர்.

"எழுதினீரோ?"

"எழுதினனான். அவர் வேண்டாம் எண்டிட்டார்."

"ஓமோ" என்றீர். என் கையை ஒருக்காப் பிடித்து விட்டுப் போனீர்.

அது பொய் என்பதைத்தான் உம்மிடம் சொல்ல வேண்டியிருந்தது. நீர் என்னை நம்பினீர். அதற்குப் பிறகும் தொலைபேசியில் பேசினோம், பிள்ளைகளின் கலியாணங்களுக்குப் போனோம். கணையத்தில் நோய் என்று தெரிந்து, நீர் வேலையை விட்டு வீட்டில் இருந்த மாதங்களில் ஒவ்வொரு சனியும் வந்தேன். ஒரு நாள் தொலைக்காட்சியில் எங்கள் உறுப்பினரின் முகம் வந்தது. நான் சத்தத்தைக் குறைத்தேன்.

"பாவம், விடும். அவருக்கும் பயம்தானே. நீர் எழுதிக் குடுத்தனீர், அது காணும்" என்றீர்.

அப்போது சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாரும் இல்லை. சாகப்போகிறவரின் மனதை ஏன் நோகடிக்க வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், உம்முடைய முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

உம்முடைய இறுதிப் பூசையின்போது தேவாலயத்தின் கடைசி வாங்கில் ஒரு கறுப்பினப் பெண் இருந்தாள். கைகளில் துணியுறை. வெளியே வந்ததும் தன்னை அறிமுகப்படுத்தினாள். கிரேஸ். தீ வைக்கப்பட்ட மாதத்திலிருந்து, நடக்க முடியாமல் போகும்வரை, ஞாயிறு தோறும் நீர் இரண்டு பஸ் மாறி அவளிடம் போயிருக்கிறீர். புட்டும் கோழிக்கறியும் கொண்டுபோய், கை ஆறும்வரை ஊட்டியிருக்கிறீர். தலை பின்னிவிடத் தெரியாமல் பின்னிவிட்டுச் சிரித்திருக்கிறீர். நீதிமன்றத் தவணைகளுக்குக் கூடப் போயிருக்கிறீர். எனக்கு ஒரு சொல்லும் சொன்னதில்லை. ஒரு அரசியல் தலைவர் செய்ய வேண்டும் என்று நீர் கேட்டதை, தலைவர் வரவில்லை என்றதும் நீரே செய்திருக்கிறீர்.

அன்றிலிருந்து அவளைத் தவணைகளுக்கு நான்தான் காரில் கூட்டிப் போகிறேன். வழியில் உம்மைப் பற்றித்தான் பேசுவோம். நான் உம்முடைய சிநேகிதி என்பதால் என்னோடு வருகிறாள். வேறொன்றும் அவளுக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை, நிலத்திலிருந்து எழும்பிப் போய், பக்கத்து அறையில் சுவரிலிருந்து படங்களைக் கழற்றிக்கொண்டிருந்த உறுப்பினரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழித்த உரையில் என்ன இருந்தது என்பதையும் சொன்னேன். படச்சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"அதை ஏன் எனக்குத் தரவில்லை?"

"நீங்கள் வாசித்திருப்பீர்களா?"

படச்சட்டத்தை மேசையில் சாய்த்து வைத்தார். "தெரியாது. அநேகமாக மாட்டேன். ஆனால் மாட்டேன் என்று சொன்னது நானாக இருந்திருக்கும். இப்போது எனக்கு அதுகூட இல்லை." கிரேஸ் எங்கே இருக்கிறாள், வழக்கு எந்த நாள்களில் நடக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டார். இதுவரை வரவில்லை. வருவாரோ தெரியாது. நான் திரும்ப அழைக்கப் போவதில்லை. இனி அவருக்காக எதையும் நான் முடிவு செய்வதில்லை.

நேற்று வியாழன். நீதிமன்றத்தில் மதிய இடைவேளை. மேல்மாடி நடைபாதை வாங்கில் கிரேஸோடு இருந்தேன். மோட்டலின் சுவரில் இருந்த சொற்கள் அவனுக்கு முன்பே ஒரு துண்டுப்பிரசுரத்தில் வந்தவை, அதை எழுதியவள் நான் என்று சொன்னேன். தவறு என்று சொல்ல வேண்டிய நாளில் அந்த வரியை அழித்ததையும் சொன்னேன். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த பாணை மடித்து உறைக்குள் வைத்தாள்.

"அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். உம்மைத்தான்.

"எழுதியது நான் என்று தெரியும். அழித்தது நான் என்று தெரியாது."

"எழுதினது நீ என்று தெரிந்தும் என்னிடம் சொல்லவில்லை" என்றாள். அது உம்மீது கோபமா, வேறென்னவோ, எனக்கு விளங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இம்மானுவேலுக்கு அந்தப் பேப்பர் தபாலில் வந்ததாகவும், ஆங்கிலம் படிக்க என்று அவர் அதைச் சத்தமாக வாசித்துப் பழகியதாகவும் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் பாண் உறையைப் பைக்குள் வைத்தாள். மணி அடித்ததும் எழும்பினாள்.

"நாளைக்கும் வா. ஆனால் என் பக்கத்தில் இருக்காதே."

இன்று போனேன். காரில் வரமாட்டேன் என்று பஸ்ஸில் வந்திருந்தாள். முன்வரிசையில், நீர் வழமையாக இருக்கும் இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு இருந்தாள். நான் மூன்று வரிசை பின்னால் இருந்தேன். தீ வைத்தவன் இணையத்தில் எழுதியவற்றைச் சட்டத்தரணி ஒவ்வொன்றாக வாசித்தபோது அவளுடைய தோள் ஆடியது. எழும்பிப் போய்ப் பிடிக்க மனம் உன்னியது. போகவில்லை. வெளியேறவும் இல்லை. திங்கட்கிழமை மறுபடி தவணை. போவேன்.