பச்சையில் ஊதிய ஊர்

12 நவம்பர் 2024

தீபாவளி முடிந்து கம்பெனிகள் அடைத்துக் கிடக்கின்றன. ஊரே கால் நீட்டிப் படுத்திருக்கும் இந்தப் பொன்னான வேளையில் ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து, பட்டாசுத் தொழிலாளர்களின் மூச்சைச் சோதித்தார். கையில் ஒரு குழாய். ஊதினால் முள் ஏறும். சிவப்பில் நின்றால் மோசம், மஞ்சள் என்றால் சுமார், பச்சை என்றால் திடம். நான் ஊதிய ஊதலில் வெம்பக்கோட்டை அணையில் அலை எழும்பி மீன்கள் கரையேறியதாகத் தகவல்.

அநேகமாக எல்லோரும் பச்சை. அக்கா மகள் ஓவியா மட்டும் முறைத்தாள். தாயில்பட்டியில் நர்ஸ் அவள்.

"லீவுல ஊதச் சொன்னா பச்சைதான் காட்டும் மாமா. சீசன்ல வரச் சொல்லுங்க."

சீசன் வெயில் அதிகாரியின் மேனிக்கு ஆகாதாம்.

26 ஜனவரி 2025

கிராமசபை. வாரம் ஒருநாள் நெஞ்சு டாக்டர் நம் ஊருக்கு வரவேண்டும் என்று ஓவியா கேட்டாள். மூச்சு முட்டினால் இப்போது விருதுநகருக்கு ஓட வேண்டும். எங்களோடு வேலை பார்க்கும் சண்முகத்தாய் போன வாரம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதே சுருண்டு விழுந்தாள்.

"எல்லாரும் பச்சை. இந்த ஊருக்கு எதுக்குங்க டாக்டர்?" என்றார் அதிகாரி.

எங்கள் போர்மேன் முத்துப்பாண்டி ஒத்து ஊதினார். "நம்ம செட்டுல ஒருத்தன் இருமி நான் பாத்ததில்ல."

பார்க்க மாட்டார். இருமல் காதில் விழுவது என்று இந்த மேதைக்கு யார் சொல்வது?

3 ஜூலை

சீசன் உச்சத்தில். வெடிக்கு மருந்து செலுத்திவிட்டு, அலுமினியப் பொடியில் வெள்ளி விக்கிரகமாக வீடு திரும்புகிறேன். வேன் நிற்கும் இடத்தில் ஓவியா குழாயோடு நிற்கிறாள். நவம்பரில் ஊதிய அதே ஆட்களையே ஊதச் சொல்கிறாள். எல்லோருக்கும் ஒரே கண்டிஷன்: பேர் வெளியே வரக் கூடாது. போர்மேனுக்குத் தெரிந்தால் மருந்து ரூமிலிருந்து தூக்கிவிடுவார். நல்ல கூலி அங்கேதான்.

என் முள் சிவப்பு. குழாய் பழுது. சந்தேகமே இல்லை.

4 ஜூலை

மறுபடி ஊதினேன். குழாய் பழுதில்லை.

15 ஆகஸ்ட்

மறுபடி கிராமசபை. ஆடி கடைசி வெள்ளியும் இன்றுதான். சபையில் எழுந்து பேசுவதாக என் தலையில் அடித்துச் சத்தியம் செய்த மகாவீரர்கள் அத்தனை பேரும் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு பஸ் ஏறிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் தரையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள் — விரலால்.

ஓவியா கணக்கைச் சொன்னாள். நவம்பரில் பச்சையாக இருந்த ஆட்களில் பாதிக்கு மேல் ஜூலையில் சிவப்பு. "நீங்க லீவுல எடுத்தது வீண் போகல சார். அது இல்லன்னா இந்த வித்தியாசமே தெரிஞ்சிருக்காது."

அதிகாரி கண்ணாடியைத் துடைத்தார். "பேரே இல்லாத ஆளுகள எப்படிம்மா நம்புறது?"

போர்மேன் சுற்றிலும் பார்த்தார். ஒரு வாய் திறக்கவில்லை. உலகத்துக்கே வெடி விற்கும் ஊராம்! ஓவியா யாரையும் பார்க்கவில்லை. என்னைக்கூட. அதில்தான் எனக்குக் கோபம் பொங்கியது. ஏன், நான் எழுந்திருக்க மாட்டேன் என்றா நினைத்தாள்?

"குடு புள்ள அந்தக் குழாய."

மலையைத் தள்ளுகிற வேகத்தில்தான் ஊதினேன். முள் சிவப்பை விட்டு நகரவில்லை. பிறகு இருமல் — நிற்கவே இல்லை. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

"எழுதிக்கோங்க. பெத்தணன். மருந்து ரூமு. நவம்பர்ல பச்சை."

அம்புட்டுதான். இத்தனை சிறிய சொற்பொழிவை என் சரித்திரத்தில் ஆற்றியதில்லை. எங்கள் ரூம் வள்ளித்தாய் எழுந்தாள். "என் பேரையும் போடுங்க." பக்கத்தில் இருந்தவளும் எழுந்தாள். வாரம் ஒருநாள் டாக்டர் வேண்டும் என்ற தீர்மானம் நிறைவேறியது.

16 ஆகஸ்ட்

"நீ இனிமே லேபிள் ஒட்டுற ரூமுக்குப் போ லே" என்றார் போர்மேன். சக்கரவர்த்திக்குப் பசைச் சட்டி. கூலி பாதி. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

9 அக்டோபர்

டாக்டர் வரத் தொடங்கி இது மூன்றாவது வியாழன். எனக்கு முன்னால் வரிசையில் போர்மேன், வாயில் துண்டை அழுத்திக்கொண்டு. ஒரு லாரி லோடு கேலி என் நாக்கில் இருந்தது.

அவர் திரும்பினார். "ஏலே பெத்தணா, ஊதும்போது வலிக்குமா?"

"வலிக்காது அண்ணாச்சி. மூச்ச நல்லா இழுத்துக்கோங்க."

டாக்டர் அவரிடம் குழாயை நீட்டினார். நான் முள் பக்கம் திரும்பாமல், சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.