சடையன் போனில் திறக்காத பக்கம்

பிப்ரவரி 24, செவ்வாய்

காலையிலேயே வெயில். லாரிக்குத் தார்ப்பாய் வாங்கணும். தராசு ரிப்பேர்காரன் இன்றைக்கும் வரவில்லை.

மறுபடி அதே கதை. சனிக்கிழமை எடைக்குப் புளி விலையை வியாழன்தோறும் கரியாலூர் சடையனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். அவன் வெள்ளி மாலைதான் ஊரில் சொல்வான். அதற்கு முன்பே சின்னசேலத்து வியாபாரி எட்டணா கூட்டிச் சொல்லிவிடுகிறான். மூன்று வாரமாக. விலை தெரிந்தவர்கள் நான், சடையன். இரண்டே பேர். சடையன் பன்னிரண்டு வருடமாக மலையில் எனக்குப் புளி பிடித்துத் தருபவன்.

மகள் நஸ்ரின் ஒரு தளம் காட்டினாள். எழுதினால் நம் போனிலேயே பூட்டிவிடுமாம். தளத்துக்காரனுக்கே படிக்க முடியாது. லிங்க்கை ஒருவர் திறந்து படித்ததும் அழிந்துவிடும். சோதனைக்கு 'சலாம்' என்று எழுதி, அவள் போனிலிருந்தே சடையனுக்கு அனுப்பினாள்.

25, புதன்

முழங்கால் வலி. சடையன் கூப்பிட்டான்.

"பாய், தொட்டா வெள்ளையா நிக்குதுங்க. இங்கிலீஷ்ல இன்னாமோ ஒரு வரி வருது."

நஸ்ரின் விளக்கம்: "அத்தா, பூட்டைத் தொறக்குற வேலைய அவரு போன்ல இருக்குற பிரவுசரே செய்யணும். அதுக்கு வெப்அசெம்பிளின்னு ஒண்ணு வேணும். அவருது அரதப் பழசு."

"அப்டேட் பண்ணச் சொல்லு."

"அந்தப் போனுக்கு அப்டேட்டே நிறுத்திட்டாங்க."

"பழைய போன்ல தொறக்குற சைட்டே இல்லையா?"

"இருக்கு. அதுல சைட்டுக்காரன் படிப்பான். பரவாயில்லையா?"

பூட்டுப் போட்டதும் போன் திறக்கவில்லையாம். வசதியான பழுது. இப்படி நினைக்கக் கசக்கிறது. ஆனாலும் நினைத்தேன்.

26, வியாழன்

நஸ்ரின் குளிக்கப் போன நேரம். அவள் போனில், அதே தளத்தில், சடையனுக்கு நானே எழுதினேன். யாரும் கொடுக்க முடியாத விலை. சின்னசேலத்தான் அதற்கு மேல் போனால் திருடன் சடையன். நிஜ விலையை நாளை மாலை வாயால் சொல்லிக்கொள்ளலாம்.



27, வெள்ளி

ஜும்மாவில் மனம் நிற்கவில்லை. சின்னசேலத்தான் மலைப்பக்கமே வரவில்லை.

நான்கு மணிக்கு நஸ்ரினிடம் ஒப்புக்கொண்டு அதை அழிக்கச் சொன்னேன். பக்கமே இல்லை. படித்தாகிவிட்டது! சடையனைக் கூப்பிட்டேன்.

"வெள்ளிமல போயி மருமவன் போன்ல பாத்தேன் பாய். புதுப் போனு, சட்டுனு தொறந்துகிச்சு. அவன அந்தாண்ட போடான்னு தொரத்திட்டுதான் படிச்சேன். இன்னா வெல பாய்! இப்பதான் ஊருல சொல்லிட்டு வரேன்."

போனை வைத்துவிட்டேன்.

நஸ்ரின் என் போனை வாங்கிப் பார்த்தாள். "அத்தா, சடையன் மாமாவுக்கு மட்டுமா அனுப்பிகினு இருந்தீங்க? கரியாலூர்னு இருக்குற ரெண்டையும் மூணு வாரமா டிக் பண்ணிருக்கீங்க." இன்னொன்று 'கரியாலூர் புளி' என்ற பழைய குரூப். சின்னசேலத்தான் மச்சான் அதில் இருக்கிறான். சேர்த்ததும் நான்தான்.

விலை பொய் என்றால் மலையில் சடையன் பொய்யன். விலை நிஜம் என்றால் இந்தச் சீசன் லாபம் போச்சு.

28, சனி

கரியாலூர். பனி. எடைக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கூட்டம். சடையன் சலவைச் சட்டையில்.

முதல் மூட்டைக்காரி என்னிடமே கேட்டாள். "சடையன் புளுவுறான்னு என் வூட்டுக்காரரு பந்தயம் கட்டிகினு வந்திருக்காரு பாய். வெல நெஜமா?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். சடையன் மட்டும் தராசு முள்ளைப் பார்த்தபடி.

"அவன் சொன்ன விலைதாம்மா. ஏத்து."

மலை இறங்கக் கிளம்பும்போது சடையன் வண்டிவரை வந்தான். "இந்த வாரம் ஏன் பாய் இவ்ளோ ஜாஸ்தி?"

"மார்க்கெட்ல சரக்கு கம்மி" என்றேன்.

பன்னிரண்டு வருடத்தில் அவனிடம் சொன்ன பொய் இரண்டு. இரண்டும் இந்த வாரம்.