ஒரு நெறிக்கட்டியின் விலை

பாரிஸ், பிப்ரவரி 1983

என் வீட்டுக்காரிக்கு,

நேற்று ஆஸ்பத்திரியில் நம் பிள்ளை தியெரியின் கழுத்திலிருந்து ஒரு நெறிக்கட்டியை வெட்டி எடுத்தார்கள். நீயோ அவன் குடித்த கோப்பையைக் குப்பையில் போட்டுவிட்டு, ரூவானில் உன் அக்கா வீட்டில் உட்கார்ந்திருக்கிறாய்.

இந்த எய்ட்ஸ் எதனால் வருகிறது என்று ஒன்றரை வருஷமாக வாய் கிழியப் பேசுகிறார்கள். எங்கள் இறைச்சிச் சந்தையில் மாட்டுக்கு நோய் உண்டா என்று பார்க்க, ஆய்வாளர் முதலில் அறுப்பதே கழுத்துக் கட்டியைத்தான். படித்தவர்களுக்கு இப்போதுதான் உறைத்திருக்கிறது.

"வைரஸ்னு சந்தேகப்படறோம். நோய் முத்தினவங்க உடம்புல தேடிப் பார்த்துப் பயனில்லை. இவருக்கு இப்பதான் ஆரம்பம், அதான் இவர் கட்டியில தேடப் போறோம்," என்றாள் டாக்டரம்மா.

"நல்ல மாட்டுக்குக் குத்துற முத்திரையை எனக்கும் குத்துவாங்களாப்பா?" என்று சிரித்தான் உன் பிள்ளை.

மதியம் சிப்பந்தி சாப்பாட்டுத் தட்டை வாசலில் தரையில் வைத்துக் காலால் உள்ளே தள்ளினான்.

"ஏன்டா, உள்ள இருக்கிறது நாயா?"

"எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு முசியே."

அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன். அவன் முகத்தில் நீ தெரிந்தாய். கையை இறக்கிக்கொண்டேன்.

ஆராய்ச்சிக்குக் கொடுத்த அந்தக் கட்டிக்கு நானாக இருந்தால் நிறைய விலை கேட்டிருப்பேன். தியெரி கேட்டது ஒன்றுதான். "தொட்டால் ஒட்டாது, நான் தினமும் உங்கள் மகனைத் தொடுகிறேன்" என்று டாக்டரம்மாவே உன்னிடம் சொல்ல வேண்டும். அவளும் கைகொடுத்து ஒப்புக்கொண்டாள். ஞாயிறு காலை பத்து மணிக்கு உன் அக்கா வீட்டுத் தொலைபேசி அடிக்கும். நீயே எடு.

ஒரு கட்டிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. பேசி முடித்த விலை அதுதான்.

உன் கசாப்புக்காரன்