பதினாறாம் நாள் பந்தலும் உங்கள் காரும்

என் அன்பான வீட்டுக்காரருக்கு,

நீங்கள் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. யாருக்கும் தொந்தரவு தராத சாவு என்று தெருவே மெச்சியது. அதற்குப் பிறகு உங்களைப் பெற்ற என் அத்தையும் உங்கள் கூடப் பிறந்தவனும் நானும் சேர்ந்து உங்களுக்குச் செய்ததை யாரும் உங்களிடம் வந்து சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன்.

உங்கள் காரில் ஆரம்பிக்கலாமா? என்னைத் திரும்பிப் பார்த்ததைவிட அதைத் துடைத்ததுதான் அதிகம். நைட்டி மூட்டைகளை அடைத்துக்கொண்டு மேலநீலிதநல்லூர், புளியங்குடி என்று கடை கடையாகச் சரக்குப் போட்டுவிட்டு வருவீர்களே, அந்தப் பழைய வெள்ளைக் கார். துக்கம் கேட்க வந்த கடைக்காரர்களே சொன்னார்கள், "மதினிக்குத்தான் வண்டி ஓட்டத் தெரியும்லா. நீங்க சரக்க கொண்டாங்க, நாங்க வாங்கிக்கிடுதோம்." அழுதுகொண்டிருந்த எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நம் பவித்ராவைப் படிக்கவைத்துக்கொண்டு பிழைத்துவிடலாம். அந்தக் கார் ஓடினால் போதும்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு உங்கள் தம்பி செல்வம்தான் பந்தல் போட்டான். பந்தல் வாடகைக்கு விடுகிறவன் வீட்டில் வேறு யார் போடுவது? ஆடித் தபசு நேரம். நல்ல கம்பிகள், மணல் மூட்டைகள் எல்லாம் திருவிழாவுக்கு வாடகைக்குப் போய்விட்டன. அண்ணனுக்கு மிச்சம் மீதிதான். தெருவில் புதிதாக சிமெண்ட் ரோடு போட்டிருந்ததால் முளையடிக்க இடமில்லை. வாசலில் நின்ற உங்கள் காரின் பம்பரில் கயிற்றை இழுத்துக் கட்டினான். ஜன்னல் வழியாகப் பார்த்த நான் பவித்ராவை அனுப்பினேன்.

"காத்து அடிக்கு, கார்ல கட்டாண்டாம்னு அம்மா சொல்லுதாங்க சித்தப்பா."

"ஒங்கம்மைய உள்ள ஒழுங்கா இருக்கச் சொல்லு" என்றான்.

பந்தி நடக்கும்போது காற்று பந்தலைத் தூக்கிக் காரின் மேலேயே போட்டது. ஒரு இரும்புக் கம்பி முன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. மேல்தகடு அமுங்கிவிட்டது, பானட் மடங்கிவிட்டது. சத்தம் கேட்டு எழுந்தேன். "தாலிய அவுத்த அன்னைக்கே வாசலத் தாண்டுவியாட்டி?" என்று அத்தை கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

நான் வெளியே வருவதற்குள் எல்லாவற்றையும் சுத்தமாக்கிவிட்டார்கள். காரியம் நடந்த வீட்டில் உடைந்த கண்ணாடி கிடந்தால் அடுத்த சாவு விழும் என்று பயம். ஒரு சில்லு விடாமல் பெருக்கி அள்ளிக் குப்பையில் கொட்டினார்கள். காரைத் தள்ளிக்கொண்டு போய்ப் பின்பக்க வேலியோரம் நிறுத்தினார்கள். ஒருவருக்கும் ஒரு போட்டோ எடுக்கத் தோன்றவில்லை. பந்தியில் வடை பத்தாமல் போனதைப் பற்றித்தான் சாயங்காலம் வரை பேச்சு.

இன்சூரன்ஸை நீங்கள் கட்டி வைத்துவிட்டுத்தான் போயிருந்தீர்கள். ஏஜெண்டுக்கு போன் பண்ணினேன். "நிப்பாட்டி வச்ச வண்டி மேல விழுந்ததுதானக்கா, கண்டிப்பா கிடைக்கும். வாரிசுச் சான்றிதழ் பெறவு குடுங்க" என்றார். அந்த வாரமே சேதத்தை மதிப்பிடக் கம்பெனி சர்வேயர் வந்தார். காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இடத்த விட்டு நகத்திருக்கக் கூடாதும்மா. ஒடஞ்ச கண்ணாடி எங்க?"

"குப்பையில கொட்டிட்டாங்க சார். வீட்டுக்கு ஆகாதுன்னு."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. அடுத்து அவர் கேட்ட கேள்வியில்தான் எல்லாம் கெட்டது. "பந்தல் யாரு போட்டது?"

செல்வத்தின் முகம் செத்துவிட்டது. அவன் கட்டிய லட்சணம் எழுத்தில் ஏறினால் கம்பெனி அவனிடம் பணம் கேட்கும். அதைவிட, சொந்த அண்ணன் காரியத்திலேயே பந்தலைச் சரித்தவனை அடுத்த முகூர்த்தத்துக்கு யார் கூப்பிடுவார்கள்? பார்த்தவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள், வாய் திறக்க மாட்டார்கள். அவன் திறந்தான்.

"பந்தலா? பந்தல் நல்லாத்தான நின்னுச்சு சார். இது பழைய இடி. அண்ணன் உயிரோட இருக்கும்போதே கொண்டு மோதிட்டான்."

"அப்பவே ஏன் கிளைம் பண்ணல?"

"குடிச்சிட்டு ஓட்டினான் சார். எப்படிக் கேப்பான்?"

நீங்களா! பதநீரைக்கூடப் புளித்திருக்குமோ என்று மோந்து பார்த்துவிட்டுக் குடிக்கிறவர் நீங்கள். நான் கத்தினேன், பொய் என்று. சர்வேயர் அத்தையின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா."

நான் அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அவருக்கும் ஆயிரம் இருக்கட்டும், தலைப்பிள்ளை என்றால் அவருக்கு உயிராயிற்றே, பொறுக்க மாட்டார் என்று நம்பினேன். அத்தை மூக்கைச் சிந்தினார். "பெத்த வாயால எப்படிச் சொல்ல? குடிச்சிட்டுத்தான் சார் இடிச்சான்." சொல்லிவிட்டு அழுதார். நிஜமான அழுகை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சர்வேயர் போன பிறகு கேட்டேன், "ஒங்களுக்கு நாக்கு கூசலையா அத்தை?"

"செத்தவன இனி போலீசா பிடிக்கப் போகுது? இருக்கவன் பொழைக்க வேண்டாமாட்டி?"

அவர்கள் சொன்னது பொய்யென்றால் நான் எழுதிக் கொடுக்கலாம், கம்பெனி விசாரிக்கும் என்று ஏஜெண்ட் சொன்னார். அது செல்வத்தின் காதுக்கும் போய்விட்டது. "வீடு அம்மை பேர்லதான் இருக்கு மதினி. வயசுப் பிள்ளைய வச்சுக்கிட்டு எங்க போவீங்க? யோசிச்சுக்கிடுங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னான்.

யோசித்தேன். எழுதிக் கொடுத்தேன். என் கணவர் குடித்துவிட்டு ஓட்டியதில் ஏற்பட்ட சேதம்தான், எனக்குக் கிளைம் வேண்டாம் என்று. கையெழுத்து ஒழுங்காக விழுந்தது. கை கொஞ்சம் நடுங்கியிருந்தாலாவது உங்களிடம் சொல்லிக்கொள்ள எனக்கு ஏதாவது இருந்திருக்கும்.

நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? "அம்மைய ஒண்ணும் சொல்லாத கோமதி" என்றுதானே? ஒன்றும் சொல்லவில்லை. அவரைக் காப்பாற்றிவிட்டு உங்களை விற்றுவிட்டேன்.

அந்தப் பொய் அத்தோடு நிற்கவில்லை. ஒரு நாள் குடித்துவிட்டு இடித்தவர், கொஞ்ச நாளில் தினமும் குடிக்கிறவர் ஆனீர்கள். தை பிறப்பதற்குள் குடித்தே செத்தவர் ஆகிவிட்டீர்கள். உங்கள் தம்பி பெண்டாட்டி தண்ணீர்க் குழாயடியில் சொல்லி, அது பள்ளிக்கூடம் வரை போய்விட்டது. பவித்ரா பையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள்.

"அப்பா குடிச்சுத்தான் செத்தாங்களாம்மா?"

"எவ சொன்னா? ஒங்கப்பா குடிச்சதே இல்லட்டி."

"அப்ப நீ ஏம்மா அப்படி எழுதிக் குடுத்த?"

மறுநாள் வாடகைக்கு வீடு பார்த்தேன். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரே ஒரு அறை. மூட்டையை பஸ்ஸில்தான் ஏற்றிக்கொண்டு போகிறேன், கண்டக்டரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு. பாதிக் கடைகள் போய்விட்டன. உங்கள் கார் அந்த வேலியோரமே நிற்கிறது. அத்தையின் கோழிகள் அதில் அடைகின்றன.

வருகிற வாரம் உங்களுக்கு முதல் வருஷம். செல்வம் போஸ்டர் அடித்து ஒட்டிவிட்டான். பஸ் ஸ்டாண்ட் சுவர் நெடுக நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். கீழே கண்ணீருடன் என்று அவன் பெயர், அதற்கும் கீழே பந்தல் கடையின் பெயர், போன் நம்பர். அண்ணன் சாவிலும் நாலு ஆர்டர் வந்தால் நல்லதுதானே?

அதே அச்சகத்தில் இந்தக் கடிதத்தை அடிக்கக் கொடுத்திருக்கிறேன். அச்சகத்து அண்ணாச்சி படித்துவிட்டு, "வேண்டாம் தாயி, குடும்ப விசயம்லா. நீ எழுதிக் குடுத்ததும்லா வெளிய வருது" என்றார். அதையும் ஒரு எழுத்து விடாமல் அடியுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உங்கள் படம் எந்தெந்தச் சுவரில் இருக்கிறதோ, அதன் பக்கத்தில் இதை என் கையாலேயே ஒட்டுவேன். பசை வாளியைப் பவித்ரா தூக்கிக்கொண்டு வருவாள். அவர்கள் கிழிப்பார்கள். மறுபடி ஒட்டுவேன்.

இப்படிக்கு,
ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவரின் பெண்டாட்டி,
கோமதி